மீடியாவிக்கியை உங்கள் கணினியில் நிறுவிச் சோதிப்பது: கேள்வி பதில்

விக்கிப்பீடியாவையும் விக்கிமூலத்தையும் இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் பிழை திருத்த ஆர்வத்தோடு வருபவர்களில் பலர், நிரலைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே நிறுவும் படியில் களைத்துப்போகிறார்கள். அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்திருந்ததை ஒன்றாக்கிவிட்டு, மற்றவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் குறிப்பிட்டிருக்கிறேன். அவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டிய சரியான வடிவம், மூலநிரலின் முதல் அடைவிலேயே உள்ள ‘டெவலப்பர்ஸ்’ கோப்பில் கிடைக்கும்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருநெல்வேலி): என் மடிக்கணினியில் 4 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது, இணைய இணைப்பும் கைப்பேசி வழியாகத்தான். டாக்கர் (மென்பொருளை அதன் தேவைகளோடு ‘கண்டெய்னர்’ என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) இல்லாமல் மீடியாவிக்கியை ஓட்ட முடியுமா?

தாராளமாக முடியும். கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), பிஎச்பி (மீடியாவிக்கி எழுதப்பட்ட நிரல்மொழி), கம்போசர் (பிஎச்பி நூலகங்களை இறக்கும் கருவி) ஆகிய மூன்றும் இருந்தால் போதும். மூலநிரலை நகலெடுக்கும்போது ‘டெப்த் 1’ என்ற தெரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலான மாற்ற வரலாறு முழுவதையும் இறக்காமல், இன்றைய நிலையை மட்டும் இறக்கும் என்பதால் உங்கள் டேட்டா மிச்சமாகும். பிறகு கம்போசர் அப்டேட் கட்டளையால் சார்பு நூலகங்களை இறக்கி, கம்போசரிலேயே உள்ள எஸ்கியூலைட் நிறுவல் கட்டளையை ஓட்டி, கடைசியாகக் கம்போசர் சர்வ் என்று கொடுத்தால், உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 4000ஆம் போர்ட்டில் உங்கள் விக்கி திறக்கும். எஸ்கியூலைட் தரவுத்தளம் சில கோப்புகள்தான் என்பதால், விக்கி குழம்பிப்போனால் அவற்றையும் லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

எல்லாருடைய கணினியிலும் ஒரே பிஎச்பி பதிப்பு இருக்க வேண்டும், பின்னணிப் பணி வரிசை தனியாக ஓட வேண்டும் என்ற தேவை வரும்போதுதான் டாக்கர் பயன்படுகிறது. தொடக்கத்திலேயே அதைச் சுமக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கேள்வி (சென்னை): நிறுவல் பிழையின்றி முடிந்தது. ஆனால் பக்கம் அலங்காரம் ஏதுமின்றி, தோல் (பக்கத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) இல்லை என்ற எச்சரிக்கையுடன் வருகிறது.

மீடியாவிக்கியின் மையக் களஞ்சியத்தில் தோல்கள் இருப்பதில்லை. வெக்டர் தோலைத் தனியாக நகலெடுத்து, ஸ்கின்ஸ் அடைவுக்குள் வையுங்கள். லோக்கல்செட்டிங்ஸ் கோப்பின் இறுதியில் அதை ஏற்றும் வரியைச் சேருங்கள். கூடுதல் வசதிகளைத் தரும் நீட்சிகளுக்கும் இதே முறைதான். நீட்சி புதிய அட்டவணைகளைக் கேட்டால், பராமரிப்பு நிரல்களில் உள்ள அப்டேட்டை ஒருமுறை ஓட்ட வேண்டும்.

கேள்வி (கோவை, உபுண்டு பயனர்): டாக்கரில் மூன்று கண்டெய்னர்களும் ஓடுகின்றன. பக்கத்தைச் சேமிக்கப் போனால், தரவுத்தளம் வாசிக்க மட்டுமே என்று மறுக்கிறது. கோப்புக்கு 777 அனுமதி (யாரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்) கொடுத்துவிடலாமா?

வேண்டாம், இன்று வேலை செய்துவிட்டு நாளை வேறோர் அடைவில் அதே சிக்கல் முளைக்கும். லினக்ஸில் கண்டெய்னருக்குள் ஓடும் பயனரின் எண்ணும் உங்கள் பயனர் எண்ணும் வேறுபடுவதுதான் காரணம். மூலநிரல் அடைவில் நீங்கள் உருவாக்கிய ‘என்வ்’ கோப்பில், டாக்கர் பயனர் எண், குழு எண் ஆகிய இரண்டு மாறிகளுக்கும் உங்கள் கணினியில் ‘ஐடி’ கட்டளை காட்டும் எண்களைக் கொடுத்து, கண்டெய்னர்களை இறக்கி மீண்டும் ஏற்றுங்கள்.

கேள்வி (மதுரை, விண்டோஸ் பயனர்): ஒரு பக்கம் திறக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. என் கணினி மெதுவானது அல்ல.

மூலநிரலை சி டிரைவில் வைத்துவிட்டு, டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக ஓட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மீடியாவிக்கி ஒரு பக்கத்தைக் காட்ட ஏராளமான சிறு கோப்புகளைப் படிக்கிறது. ஒவ்வொரு வாசிப்பும் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே உள்ள பாலத்தைக் கடக்க வேண்டியிருப்பதால்தான் இந்தத் தாமதம். அடைவை லினக்ஸின் சொந்தக் கோப்பமைப்புக்குள், உங்கள் ஹோம் அடைவில், புதிதாக நகலெடுங்கள். பழையதை அப்படியே இழுத்துப் போடாதீர்கள். விண்டோஸின் கிட், வரி முடிவுகளைத் தன் வழக்கப்படி மாற்றி வைத்திருக்கக்கூடும். அப்படி மாறிய ஷெல் நிரலை லினக்ஸ் ஓட்ட மறுக்கும், பிழைச்செய்தியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் குறை சொல்லும். கண் எதிரே இருக்கும் கோப்பையே ‘இல்லை’ என்று அது சொன்னதை நம்பி, ஒரு மாலை முழுவதும் பாதைப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி (விக்கிமூலப் பங்களிப்பாளர்): தமிழில் மட்டும் தோன்றும் பிழைகளை உள்ளூர் விக்கியில் எப்படித் தேடுவது? ஆங்கிலத் தரவில் எல்லாம் சரியாகவே ஓடுகிறது.

இந்தக் கேள்விக்காகவே இந்தத் தொடரை எழுதலாம். ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பவருக்கு அது மூன்று எழுத்து. யுனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் மொத்தம் 15 பைட். பிஎச்பியில் நீளம் கேட்கும் செயற்கூறுகள், நீங்கள் எதை அழைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 15, 5, 3 என மூன்று விடைகளைத் தரும். மூன்றும் தத்தம் அளவில் சரியானவை. பிழை எங்கே நுழைகிறதென்றால், ஒன்றை எண்ண வேண்டிய இடத்தில் மற்றொன்றை எண்ணும்போது. இதே சொல்லை நான்கு குறியீடுகளோடு வெட்டினால் புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ என்று நிற்கும். இரண்டோடு வெட்டினால் ‘தம’. பைட் கணக்கில் தவறான இடத்தில் வெட்டினாலோ, எழுத்தே சிதைந்து கறுப்புச் சாய்சதுரக் கேள்விக்குறி வரும். மீடியாவிக்கியின் மொழி வகுப்பில் கண்ணுக்காக வெட்டவும் தரவுத்தளத்துக்காக வெட்டவும் தனித்தனிச் செயற்கூறுகள் இருப்பது இதனால்தான்.

பக்கத் தலைப்பின் உச்ச நீளம் 255 பைட். ஆங்கிலத்தில் 255 எழுத்து கிடைக்கும். தமிழில் இடைவெளி இல்லாமல் எழுதினால் 85 குறியீடுகளோடு கதவு சாத்தப்படும். நூல்களின் நீண்ட தலைப்புகளைக் கையாளும் விக்கிமூலத்தார் இதை எளிதில் தொட்டுவிடுவார்கள். ஆகவே உங்கள் சோதனை விக்கியில் 85, 86 குறியீடுகள் கொண்ட இரு தலைப்புகளை எப்போதும் வைத்திருங்கள். ‘கொ’ என்பதை ஒற்றை ஒகரக் குறியோடும், எகரக் குறியையும் கால் குறியையும் (ா) அடுத்தடுத்து இட்டும் உள்ளிட்டுப் பாருங்கள். மீடியாவிக்கி உள்ளீட்டை இயல்பாக்கம் செய்து இரண்டையும் ஒரே வடிவமாக்கிவிடும். வெளியிலிருந்து தரவைக் கொண்டுவரும் நீட்சிகள் சில வேளை இந்தப் படியைத் தவறவிடுகின்றன. அப்போது, பார்வைக்கு ஒன்றான இரு சொற்கள் தேடலில் பொருந்தாமல் போகும்.

இடைமுகத்தில் ஒரு சொற்றொடர் எங்கிருந்து வருகிறது என்று அறிய, முகவரியின் இறுதியில் பயன்பாட்டு மொழியாக ‘கியூகியூஎக்ஸ்’ என்று கொடுங்கள். செய்திகளுக்குப் பதில் அவற்றின் சாவிப்பெயர்கள் அடைப்புக்குறிக்குள் தோன்றும்.

கேள்வி: சாவிப்பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன், தமிழ் மொழிபெயர்ப்பு தவறு. களஞ்சியத்தில் இந்தச் செய்திகள் உள்ள தமிழ் ஜேசன் கோப்பைத் திருத்தி அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் திருத்துங்கள். அங்கிருந்து மாற்றங்கள் தானாகக் களஞ்சியத்துக்கு வந்து சேரும். நிரலாளராக நீங்கள் புதிய செய்தியைச் சேர்த்தால் மட்டும் ஆங்கிலக் கோப்பையும், மொழிபெயர்ப்பாளர்களுக்கான விளக்கக் கோப்பையும் தொட வேண்டும். விளக்கத்தை எழுதாமல் விட்டால் என்பிஎம் கருவி ஓட்டும் தானியங்கிச் சோதனை உங்களைத் தடுத்து நிறுத்தும். எரிச்சலூட்டும் விதிதான் என்றாலும், சூழல் தெரியாமல் ஒற்றைச் சொல்லை மொழிபெயர்க்கத் திணறியவர்கள் அதை நியாயம் என்பார்கள்.

கேள்வி (பெங்களூரு, சோதனைப் பொறியாளர்): பிஎச்பி நிரலைச் சோதிக்கும் பிஎச்பியூனிட் சோதனைகளை ஓட்டினால் உள்ளூர் விக்கியில் நான் எழுதி வைத்த பக்கங்கள் அழிந்துவிடுமா? முழுத் தொகுப்பும் முடிய வெகுநேரம் ஆகிறது.

அழியாது. தரவுத்தளம் தேவைப்படும் சோதனைகள், ‘யூனிட்டெஸ்ட்’ என்ற முன்னொட்டோடு அட்டவணைகளின் நகல்களை உருவாக்கி அவற்றில்தான் எழுதுகின்றன. முழுத் தொகுப்பை உங்கள் கணினியில் ஓட்ட வேண்டிய தேவையும் இல்லை. நீங்கள் தொட்ட வகுப்பின் சோதனைக் கோப்பை மட்டும் பாதையிட்டு ஓட்டுங்கள், மற்றதை, நீங்கள் அனுப்பும் மாற்றத்தைச் சோதிக்கும் சேவையகம் பார்த்துக்கொள்ளும். புதிதாக எழுதும்போது, இயன்றவரை யூனிட் அடைவில் எழுதுங்கள். அங்குள்ள சோதனைகளுக்குத் தரவுத்தளமும் உலகளாவிய சேவைகளும் கிடைக்காது என்பதால் அவை விரைவாக முடியும். அவை தேவை என்றால் மட்டும் இன்டகிரேஷன் அடைவுக்குச் செல்லுங்கள். திருத்தும் முன்பே சோதனையை எழுதி, அது தோற்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தோற்காத சோதனை, பிழையைப் பிடிக்கிறதா என்பதை நீங்கள் அறிய வழியில்லை.

கேள்வி: நிரல் மாற்றங்களை மற்றவர்கள் பரிசீலிக்கும் கெரிட் தளத்தில் என் பேட்சை (திருத்தத்தை) அனுப்பினேன், தானாகச் சோதனைகளை ஓட்டும் ஜென்கின்ஸ் ‘தேறவில்லை’ என்று கழித்தல் 1 கொடுத்துவிட்டது. திருத்தி மறுபடி அனுப்பியதும் இரண்டாவது பேட்ச் ஒன்று தனியாக உருவாகிவிட்டது.

புதிய கமிட் (கிட்டில் பதியும் மாற்றம்) போட்டுவிட்டீர்கள். கெரிட்டில் பழைய கமிட்டையே ‘அமெண்ட்’ செய்ய வேண்டும். கமிட் செய்தியின் அடியில் உள்ள சேஞ்ச்-ஐடி வரியை அழிக்காமல் விட்டால், அது அதே மாற்றத்தின் அடுத்த பதிப்பாகச் சேரும். தேவையற்ற பேட்சை ‘அபாண்டன்’ செய்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கேள்வி: என் திருத்தம் ஏற்கப்பட்டுவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவில் எப்போது தெரியும்?

ஏற்கப்பட்டவுடன் முதலில் பீட்டா தளங்களுக்குப் போகும். அங்கே ஒருமுறை நீங்களே சோதியுங்கள். பொதுவாக வாரந்தோறும் ஒரு புதிய கிளை வெட்டப்பட்டு, செவ்வாயன்று சோதனை விக்கிகளுக்கும், புதனன்று விக்கிமூலம், விக்சனரி போன்ற உறவுத் திட்டங்களுக்கும், வியாழனன்று பெரும்பாலான விக்கிப்பீடியாக்களுக்கும் செல்லும். ஆகவே தமிழ் விக்கிமூலத்தார் உங்கள் திருத்தத்தை ஒரு நாள் முன்னதாகவே காண்பார்கள். இடையில் கடுமையான பிழை தென்பட்டால் ‘வண்டி’ (இந்த வாராந்தர வெளியீடு) பின்னோக்கி உருட்டப்படுவதும் உண்டு. வியாழன் இரவு சிறப்புப் பக்கங்களில் உள்ள பதிப்புப் பக்கத்தைத் திறந்து, எந்தக் கிளை ஓடுகிறது என்று பாருங்கள்; உங்கள் கமிட் அந்தக் கிளையில் இருக்கிறதா என்பதைக் கெரிட்டில் அந்த மாற்றத்தின் பக்கத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.