பழைய ராணுவ ஜீப்பின் சேசிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, ரிவிட் (தகடுகளின் துளையில் மாட்டி, முனையை அடித்துத் தலையாக்குகிற ஆணி) அடிக்க என்னென்ன கருவிகள் வேண்டும்? போல்ட் போட்டு முடுக்கினால் போதாதா?

போல்ட் போட்டாலும் வண்டி ஓடும். துளையை ரீமர் விட்டுச் சுத்தமாக்கி, இறுக்கமாக உள்ளே போகும் போல்ட் போட்டால் பல வருடம் தாங்கும். ஆனால் கடையில் கிடைக்கிற போல்ட்டை லொடலொட என்று இருக்கும் துளையில் மாட்டினால், சேசிஸ் முறுக்கும்போதெல்லாம் அது ஆடி, கடைசியில் துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். வெல்டிங் வேண்டவே வேண்டாம். வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தை விறைப்பாக்கினால் வெல்டிங்கின் ஓரத்திலேயே விரிசல் விடும்.

என்னிடம் இருப்பது 1944-ல் செய்த ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப். வில்லிஸ் கம்பெனியின் எம்பி ஜீப்பும் இதுவும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்: வில்லிஸில் அது உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்துப் போட்ட 'ப' வடிவம். கிரைண்டரை எடுக்கும் முன் சேசிஸ் எண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபோர்டில் இடது சட்டத்தின் மேலேயே குத்தியிருப்பார்கள். வில்லிஸில் தனித் தகடு. அந்தத் தகடு தொலைந்தால் வண்டியின் ஜாதகமே தொலைந்த மாதிரி.

பழைய ரிவிட்டை கேஸ் வைத்து வெட்டாதீர்கள். நான் முதல் இரண்டை அப்படித்தான் எடுத்தேன், துளை பிய்ந்துபோய் அதை நிரப்பித் திரும்பத் துளைக்க ஒரு நாள் போனது. தலையை கிரைண்டரில் தட்டையாக்கி, நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 மில்லி பிட்டில் வழி போட்டு, பிறகு ரிவிட்டின் தண்டைவிடக் கொஞ்சம் சின்ன பிட்டில் தலையின் ஆழம் வரைக்கும் மட்டும் துளையுங்கள். உளி வைத்துத் தட்டினால் தலை கழன்றுவிடும், மீதியை பஞ்ச் வைத்து அடித்து வெளியே தள்ளலாம். தகடுகளைப் பிரித்ததும் உள்ளே பார்த்தால் வயிறு எரியும். நடுவில் சேர்ந்த துரு ஊதி, தகட்டையே வளைத்திருக்கும். அதைச் சுரண்டித் தட்டி நேராக்காமல் அடிக்கிற ரிவிட் எதுவும் நிற்காது.

இப்போது கருவிகள். ரிவிட் தலைக்கு உருண்டை வடிவம் கொடுக்கிற ஸ்நாப், எதிர்ப்பக்கம் தாங்கிப் பிடிக்கிற டாலி, காற்றில் ஓடும் ரிவிட் சுத்தியல், ரிவிட்டைப் பழுக்கக் காய்ச்ச கேஸ் டார்ச், இடுக்கி, கண்ணுக்கும் காதுக்கும் காப்பு. மலிவான ஏர் உளிச் சுத்தியல் படபடவென்று சத்தம்தான் போடும். வீச்சு நீளமான, கனமான அடி கொடுப்பதாகப் பாருங்கள். ஸ்நாப்பை நானே செய்துகொண்டேன். பழைய லாரி ஆக்சில் துண்டைப் பழுக்கக் காய்ச்சி, முனையில் சரியான அளவு பேரிங் குண்டை வைத்து சம்மட்டியால் ஒரே போடு. குழி விழுந்ததும் ஓரத்தைத் தேய்த்து, பதம் ஏற்றினால் போதும். டாலியிலும் அதே மாதிரி குழி வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கத் தலை சப்பையாகிவிடும்.

என்னைக் கேட்டால் ரிவிட் வேலையின் உயிர் டாலிதான். சுத்தியலைப் பிடிக்கிறவருக்குத்தான் பேர், ஆனால் டாலியைப் பிடிக்கிறவர் துளி அசைந்தாலும் வேலை கெட்டது. சட்டத்தின் உள்ளே கை நுழையாத இடத்தில் டாலிக்குப் பின்னால் ஒரு சின்ன பாட்டில் ஜாக்கை வைத்து, எதிர்ச் சுவரில் முட்டக்கொடுத்து ஏற்றுங்கள். மனிதரைவிட உறுதியாக நிற்கும். சுவர் வெளியே பிதுங்காமல் அந்தப் பக்கம் ஒரு கிளாம்ப் போட மறக்காதீர்கள்.

நீளக் கணக்கு: தகடுகளின் மொத்தக் கனம், அதோடு தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. 3/8 அங்குல ரிவிட், 3 மில்லி தகடு இரண்டு என்றால், 6 மில்லியும் 14 மில்லியும் சேர்ந்து சுமார் 20. வேண்டாத தகட்டுத் துண்டில் நாலைந்து அடித்துப் பார்த்துவிட்டு நீளத்தை முடிவு செய்யுங்கள்.

அடிக்கும் முன் எல்லாத் துளைகளிலும் போல்ட் போட்டு இறுக்கி, மூலைவிட்டங்களை அளந்து சேசிஸ் சதுரமாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒரு போல்ட்டைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு ரிவிட், அடுத்தது தள்ளி இன்னொன்று. நான் அவசரத்தில் மூன்று போல்ட்டைச் சேர்த்துக் கழற்றினேன். தகடுகள் இம்மி விலகி, பழுத்த ரிவிட் நடுவில் பிதுங்கி உட்கார்ந்துகொண்டது. ஊரில் 'ரிவிட் அடிப்பது' என்றால் வேறு அர்த்தம் உண்டே, அன்றைய வேலை அந்த அர்த்தத்தில் முடிந்தது.

ரிவிட்டைக் காய்ச்சும்போது நல்ல ஆரஞ்சு நிறம் வர வேண்டும். நிழலில் வைத்துப் பாருங்கள், வெயிலில் நிறம் ஏமாற்றும். பொறி பறந்தால் இரும்பு வெந்துபோச்சு, தூக்கி எறியுங்கள். இந்த அளவு ரிவிட் சில நொடிகளில் ஆறிவிடும் என்பதால் முதலில் நேராக நாலு அடி, பிறகு சுற்றிச் சாய்த்து, கடைசியில் ஸ்நாப். ஆறும்போது தண்டு நீளத்தில் சுருங்கி இரண்டு தகட்டையும் கவ்வும். குறுக்கிலும் கொஞ்சம் சுருங்குவதால் துளையை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்காது. அங்கே பாரத்தைத் தாங்குவது அந்தக் கவ்வல்தான். சூடில்லாமல் பிரஸ்ஸில் அழுத்துகிற ரிவிட் இதற்கு நேர் எதிர்: துளையை நன்றாக நிரப்பும், கவ்வல் குறைவு. சின்ன பிராக்கெட்டுகளுக்கு அதுவே போதும்.

இது எல்லாம் ஜீப்புக்கு. கவச வண்டி என்றால் கதை வேறு, பதம் ஏற்றிய தகட்டில் டார்ச்சைக் காட்டினால் பதம் போய்விடும். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க எம்3 லீ டாங்கியில் வெளியே குண்டு பட்டால் ரிவிட்டுகள் தெறித்து உள்ளே இருப்பவர்கள் மேல் பாயுமாம். அதன் பிந்தைய வகைகள் சிலவற்றின் உடலை வார்ப்பிலும் வெல்டிங்கிலும் செய்தார்கள்.

எல்லாம் ஆறியதும் தலையின் ஒரு ஓரத்தில் விரலை வைத்து, மறு ஓரத்தில் சின்ன சுத்தியலால் தட்டுங்கள். விரலுக்கு அடியில் லேசாகத் துள்ளினால் அது லூஸ். மேலே அடித்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நான் அப்படி வெட்டியது ஏழு.