அட்டவணை வளர வளர இன்சர்ட் (புதிய வரி சேர்ப்பது) ஏன் மந்தமாகிறது?

மண்டபம் இறங்குதளத்தில் படகுவாரியாக மீன் வரவைப் பதியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மந்தமாகிறது, புதிய சர்வர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் விசைப்படகுகள் திரும்பும்போது மீன் காத்திருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் காரணத்தை முதலில் கண்டுபிடியுங்கள்.

அட்டவணை சிறிதாக இருந்தபோதே மந்தமா? அப்படியானால் பெரும்பாலும் ஒவ்வொரு வரிக்கும் தனி கமிட், அதாவது மாற்றத்தை நிரந்தரமாக உறுதிசெய்யும் வேலை, நடக்கிறது. இயல்பான அமைப்பில் கமிட் ஒவ்வொன்றும் வட்டில் எழுதி முடியும்வரை நிற்கும். சில நூறு வரிகளை ஒரே பரிவர்த்தனையில் சேர்த்து, ஒரே கமிட்டில் முடியுங்கள்.

வளர்ந்த பிறகுதான் மந்தம் என்றால், ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, வரிகளைப் பக்கம் எனப்படும் துண்டுகளில் சாவி வரிசையிலேயே சேமிக்கிறது. தாறுமாறாக உருவாகும் நீண்ட அடையாளக் குறியீடான யூயூஐடி சாவியாக இருந்தால் புதிய வரி ஏதோ ஒரு பழைய பக்கத்தில் நுழைய வேண்டும். நிரம்பிய பக்கம் இரண்டாகப் பிளக்கும். வந்த வரிசையில் ஐஸ் பெட்டிகளை அடுக்குவதற்கும், ஒவ்வொரு மீனுக்கும் அடுக்கின் நடுவே ஒரு பெட்டியைத் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. பக்கங்கள் நினைவகத்தில் அடங்கும்வரை வலி தெரியாது. பக்கங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் இடமான பஃபர் பூல் இயல்பாக 128 எம்பி மட்டுமே. பலர் அதை மாற்றுவதே இல்லை. அட்டவணை அந்த அளவைத் தாண்டி வளர வளர, மேலும் மேலும் இன்சர்ட்டுகள் வட்டைத் தேடி ஓடும்.

ஏறுவரிசை எண்ணைச் சாவியாக்கி, பஃபர் பூலைக் கூட்டுங்கள். தேடலை விரைவாக்க வைத்த இன்டெக்ஸ்களில் எந்தத் தேடலும் பயன்படுத்தாதவற்றையும் நீக்குங்கள். ஒவ்வொரு இன்டெக்ஸும் இன்சர்ட்டின்போது கூடுதல் எழுத்துவேலை.