பள்ளி மாறினால் வயிற்றுவலி போய்விடுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். மகனுக்கு எட்டு வயது. தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுகிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இல்லை. வீட்டில் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பான். மனப்பாடத்துக்குப் பதில் செய்து பார்த்துப் படிக்கவைக்கிற, புதுச்சேரிப் பக்கம் உள்ள மாற்றுப் பள்ளியில் சேர்க்க ஆசைப்படுகிறேன். கணவரோ, 'சர்ட்டிபிகேட் இல்லாத படிப்பு எதுக்கு?' என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புச் சகோதரி, ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குவோம். முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லையென்றால், பயம் எதைப் பார்த்து என்று தெரிய வேண்டும். அடிக்கிற ஆசிரியரா, வேனில் சீண்டுகிற பெரிய பையனா, புரியாத ஆங்கிலமா? பாடத்தைப் பற்றிக் கேட்காமல், 'இன்னைக்கு உன் பக்கத்துல யாரு உக்காந்தா?' என்று பேச்சை ஆரம்பியுங்கள், மெல்ல வெளியே வரும். அடிதான் காரணம் என்றால், கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. தயங்காமல் பள்ளியில் கேளுங்கள். பள்ளியை மாற்றாமலே தீர்கிற பிரச்சினையாகவும் இருக்கலாம்.

உங்கள் கணவரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமப் பள்ளி 1943-லிருந்து நடக்கிறது. இன்றும் அங்கே பட்டமோ சான்றிதழோ தருவதில்லை, பெற்றோர் தெரிந்தே சேர்க்கிறார்கள். ஆனால் எல்லா மாற்றுப் பள்ளியும் அப்படியில்லை. பல பள்ளிகள் பத்தாம் வகுப்பை மாநிலப் பாடத்திட்டத்திலோ, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ எழுதவைக்கின்றன. அது 1989-ல் மத்திய அரசு தொடங்கிய அமைப்பு. ஆகவே, 'பத்தாவது எந்த போர்டு?' என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இன்னொன்று: ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்தக் கணக்கு உங்கள் மனதில் இருந்தால் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும்.

அரசுப் பள்ளி என்றதும் நினைவுக்கு வருகிறது. மாற்றுக் கல்வி தனியார் பள்ளிகளில் மட்டும் இருப்பதில்லை. ஆந்திராவின் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் பிறந்த அட்டை முறையைப் பார்த்துவந்துதான், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-ல் அது மாநிலம் முழுக்கப் போனது. அப்போது அந்த வகுப்புகளில் பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்காருவார்கள். ஏணிப்படி போல வரிசையிட்ட அட்டைகளில் தனக்கானதை அவரவரே எடுத்து, அவரவர் வேகத்தில் முடிப்பார்கள். கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை இருக்கும். ஆசிரியரும் கீழே உட்கார்ந்துவிடுவார். நல்ல ஆசிரியர் இருந்த இடத்தில் அந்த வகுப்பு பூத்தது; மனமில்லாதவர் கையில் அட்டைகள் வெறும் அட்டைகளாகக் கிடந்தன. பெரிய பெயர் வைத்த மாற்றுப் பள்ளிகளுக்கும் இதே அளவுகோல்தான். அதனால் பள்ளியின் பெயரைவிட, உங்கள் மகனுக்கு வரப்போகும் ஆசிரியரைப் பாருங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், தப்பாகச் சொன்ன பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். உங்கள் தெரு அரசுப் பள்ளியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல், மாற்றுப் பள்ளிகள் உள்ள ஆரோவில் இன்னும் தள்ளி. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தினமும் அந்த அலைச்சல் சின்ன விஷயமில்லை.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றை. மாற்றுப் பள்ளியில் சேர்த்துவிட்டு, 'பின்தங்கிவிடுவானோ' என்று சாயங்காலம் ட்யூஷனுக்கும் அனுப்புகிற பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளை இரண்டு பள்ளியில் படிக்கிறது, ஒன்றிலும் நிம்மதியில்லை. ஓரிரு வருடம் பொறுத்திருக்க உங்கள் இருவருக்கும் மனம் வந்தால் மட்டும் அவனைச் சேர்த்துவிடுங்கள். அதற்குக் கணவரும் கூட வந்து வகுப்பறையைப் பார்க்க வேண்டும்.

சேர்ப்பதற்கு முன், ஒரு வாரம் மகனை அங்கே உட்காரவைக்க அனுமதி கேளுங்கள். அந்த வாரம் காலையில் வயிற்றுவலி வந்ததா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.