அந்தமான்: எத்தனை தீவு, எத்தனை நாள்?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில்)

ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். அப்பாவுக்கு 70 வயது, பிள்ளைகளுக்கு 6, 11. ஐந்து இரவில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், ராஸ், நார்த் பே, பாராடாங் எல்லாம் காட்டுவதாக ஏஜென்ட் சொல்கிறார். முடியுமா?
- வாசகி, கோயம்புத்தூர்

காட்டிவிடுவார். ஆனால் உங்கள் விடுமுறையில் பாதி ஜெட்டிகளில் (படகுத்துறைகளில்) வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். முதலில் பாராடாங்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதற்கு விடியலுக்கு முன்பே கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் காத்திருந்து, வண்டிகள் அணியாகப் போகும்போதுதான் போக முடியும். பிறகு வண்டி ஏற்றும் படகு, அங்கிருந்து சிறு படகு, அதன்பின் சுண்ணாம்புக் குகைவரை மேடுபள்ளப் பாதையில் நடை. வந்த வழியே திரும்பவும் வேண்டும். அப்பாவுக்கும் சின்னப் பிள்ளைக்கும் இது தண்டனை. தவிர, அந்தச் சாலை ஜாரவா மக்களின் காப்புப் பகுதி வழியாகப் போகிறது. அங்கே வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் தின்பண்டம் கொடுப்பதும் குற்றம். "பழங்குடிகளைப் பார்க்கலாம்" என்று ஆசைகாட்டும் ஏஜென்ட்டாக இருந்தால் ஆளையே மாற்றுங்கள்.

மீதி இடங்களை ஒரு முக்கோணமாக அமைத்துக்கொள்ளுங்கள்: போர்ட் பிளேர் - ஹேவ்லாக் - நீல் - போர்ட் பிளேர். மூன்று தடத்திலும் நேரடிக் கப்பல் உண்டு, போன வழியே திரும்ப வேண்டாம். தனியார் விரைவுப் படகில் ஹேவ்லாக்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அங்கிருந்து நீலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் நாள் மதியத்துக்குள் இறங்கினால் மாலையில் செல்லுலார் சிறை. அடுத்த இரண்டு இரவு ஹேவ்லாக், நான்காம் இரவு நீல். ஐந்தாம் இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருக்க வேண்டும். காற்று பலமானால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள். டிக்கெட் பணம் திரும்ப வரும், ஆனால் நீலில் இருந்து நேராக விமான நிலையம் என்று திட்டம் போட்டவர்களுக்கு விமானம் போய்விடும். ஊர் திரும்பும் விமானம் பிற்பகலில் என்றால் அன்று காலை ராஸ் தீவைப் பார்த்துவிடலாம். அது வழக்கமாகப் புதன்கிழமைகளில் மூடியிருக்கும், தேதி போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் ஹேவ்லாக் என்பது சுவராஜ் தீப் என்றும், நீல் என்பது ஷஹீத் தீப் என்றும் இருக்கும். 2018 இறுதியில் பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். எந்த ஜெட்டியில் ஏற வேண்டும் என்றும் டிக்கெட்டில் பாருங்கள். ஹாடோவுக்குப் போக வேண்டியவர்கள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் போய் நிற்பது அடிக்கடி நடக்கிறது. பிள்ளைகளுக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும்.

இன்னொன்று, வெளிச்சம். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம் கடிகாரம்தான். ஜனவரியில் சூரியன் ஐந்தேகால் வாக்கில் மறைந்துவிடும். ராதாநகர் கடற்கரை ஹேவ்லாக் ஜெட்டியில் இருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர். மூன்று மணிக்கே அங்கே இருந்தால்தான் பிள்ளைகள் குளித்துக் கரையேறி, அஸ்தமனமும் பார்க்க முடியும். குளியல் உயிர்காப்பாளர் நிற்கும் பகுதிக்குள் மட்டும். உப்புநீர் முதலைகள் உள்ள தீவுகள் இவை, எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால்கூட நனைக்க வேண்டாம்.

கப்பலில் ஏறினாலே எனக்கு வாந்தி. என்ன செய்வது?
- வாசகர், திருச்சி

முடிந்தால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போங்கள், கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதத்தில் மழை வந்துவிடும். மாத்திரையை ஏறிய பிறகு போட்டால் பயன் இல்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரவைக்கும் மருந்து என்பதால் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெயில் பொரித்த பூரியும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். கீழ்த்தளத்தில் நடுவில் இருக்கை கேளுங்கள், முனைகளில் ஆட்டம் அதிகம். கைபேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். விரைவுப் படகுகள் மூடிய ஏ.சி. கூடங்கள். அரசுக் கப்பலில் மேல்தளத்தில் காற்றில் நிற்கலாம், கட்டணமும் குறைவு. ஆனால் இரண்டரை மணி நேரம் ஆகும். தீவுவாசிகளின் அன்றாடப் போக்குவரத்தும் அதுதான் என்பதால் இடம் கிடைப்பது உறுதியில்லை.

நீல் தீவில் இயற்கைப் பாலம் பார்க்கப் போனவர்கள் தண்ணீரைத்தான் பார்த்தோம் என்கிறார்களே?
- வாசகர், விருதுநகர்

கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போயிருப்பார்கள். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் அந்தப் பாறை வளைவுக்குக் கடல் வற்றும்போதுதான் நடந்து போக முடியும். பரத்பூரில் கண்ணாடி அடிப் படகுக்கோ தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதுதான் தவறு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும், ஆகவே போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. முதல் நாள் இரவே விடுதியில் மறுநாள் வற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிளம்புங்கள். பாறைகள் கூர்மை, பாசி வழுக்கும். பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு அவசியம். சீதாபூர், ராம்நகர், பரத்பூர், லட்சுமண்பூர் என்று ஊர்ப்பெயர்கள் எல்லாம் ராமாயணத்தில் இருந்து வந்தவை, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கடைசி நாளில் ஸ்கூபா செய்துவிட்டு விமானம் ஏறலாமா?
- வாசகி, சென்னை

கூடாது. ஸ்கூபா என்பது காற்றுக் குடுவையோடு கடலுக்குள் முங்குவது. ஆழத்தின் அழுத்தத்தில் மூச்சுவிடும்போது உடலில் நைட்ரஜன் கரைகிறது. அது வெளியேறும் முன் விமானத்தில் காற்றழுத்தம் குறைந்தால் ரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழியாகிவிடும். 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஹேவ்லாக்கில் முதல் நாளிலேயே முடித்துக்கொள்வது நல்லது. பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய், சளி அடைத்த காது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்நார்க்கெலிங் (மேலே மிதந்தபடி குழாய் வழியே மூச்சுவிடுவது) மட்டும் செய்கிறவர்களுக்கு இந்த இடைவெளி தேவையில்லை.

பணம், போன், சாப்பாடு?
- வாசகர், சேலம்

ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், நீலில் ஏ.டி.எம்.-ஐ நம்ப முடியாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது பி.எஸ்.என்.எல். சிம் இருக்கட்டும். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, இட்லி தோசைக்குக் குறைவில்லை. ஹேவ்லாக், நீலில் வங்காளிகள் அதிகம், சோறும் மீன் குழம்பும் நன்றாக இருக்கும். சைவம் என்றால் விடுதியில் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

கரையில் கிடக்கும் பவளத்துண்டை எடுத்து வரலாமா?
- மாணவி, நாகர்கோவில்

செத்துக் கிடப்பதானாலும் எடுக்கக் கூடாது. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போது தெரிந்துவிடும், பறிமுதலோடு வழக்கும் வரலாம். சங்கு, சிப்பி வேண்டுமானால் உரிமம் உள்ள கடையில் வாங்கி, ரசீதைப் பெட்டியில் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.