தால்மாவும் திண்ணைப் பேச்சும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் எங்கள் ஊர். கணவருக்கு மாங்கூழ் ஆலையில் வேலை. ஒடிசாவில் ஓர் இல்லத்தில் வளர்ந்த எங்கள் மகளை நான்கு வயதில் முறைப்படி தத்தெடுத்தோம். இப்போது ஒன்பது வயது. தத்துப்பிள்ளை என்பது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

பிறந்த மண் அவளை விட்டுப் போய்விடக்கூடாது என்று ஞாயிறுதோறும் அவளுக்காகத் தால்மா செய்கிறேன். பருப்போடு வாழைக்காய், பூசணி, பப்பாளிக்காய் வேகவைத்து, சீரகம், கடுகு, வெந்தயம், சோம்பு, கருஞ்சீரகம் ஐந்தையும் தாளித்துக் கொட்டுவேன். ஜூன் நடுவில் ரஜ பண்டிகைக்குப் புதுப்பாவாடை, ஊஞ்சல், பொடா பிட்டா என்ற அரிசிப் பலகாரம் எல்லாம் உண்டு. சொந்தக்காரர்களையும் கூப்பிடுவேன். முன்பெல்லாம் ஆசையாகச் சாப்பிட்டவள் இப்போது கருஞ்சீரகத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைக்கிறாள். “எனக்கு மட்டும் எதற்குத் தனிச் சமையல்? களி போதும்” என்கிறாள்.

மாமியாரோ, “மறக்கிற பிள்ளைக்கு ஏன் ஞாபகப்படுத்துகிறாய்? நாளைக்கு அங்கேயே போகிறேன் என்பாள்” என்கிறார். கொழுந்தனார் ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்கு வரும் வடக்கத்தி ஆட்களைத் திண்ணையில் உட்கார்ந்து கேலி பேசுவார். நம் பிள்ளையைச் சொல்லவில்லையே என்று யாரும் கண்டுகொள்வதில்லை. பள்ளியிலும் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. கேட்டால் வாய் திறப்பதில்லை. இந்தச் சமையலைத் தொடரவா, விட்டுவிடவா?

– பெயர் வெளியிட விரும்பாத தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது தால்மாவைப் பற்றி. எனக்கு உறுத்தியது கொழுந்தனாரைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிய அந்த இரண்டு வரி.

ஒன்பது வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தட்டில் ‘உன் ஊர்ச் சாப்பாடு’ வருகிறது. மறுநாள் திண்ணையில் அந்த ஊர்க்காரர்களைச் சொல்லிச் சிரிப்பு நடக்கிறது. அவள் எந்தப் பக்கம் நிற்பாள்? பேச்சை நிறுத்த அவளால் முடியாது. கருஞ்சீரகத்தை ஒதுக்க முடிகிறது. முதலில் அந்தக் கேலி உங்கள் வீட்டில் ஓய வேண்டும். உங்கள் கணவரே தம்பியிடம் சொல்லட்டும், மகள் காதில் விழும்படி சொல்லட்டும். “இவளையா சொன்னேன்?” என்பார். ஆமாம், இவளையும் சேர்த்துத்தான். வகுப்பாசிரியரிடமும் நேரில் பேசுங்கள். ஆனால் தத்தெடுத்த கதையை அங்கே விரிக்க வேண்டாம். அதை யாரிடம் சொல்வது என்பதை அவள் தீர்மானிக்கட்டும்.

சமையலை விட வேண்டியதில்லை. அவளுக்காக என்று தனியாகச் செய்வதை மட்டும் விடுங்கள். செய்தால் வீடு முழுவதும் சாப்பிடட்டும், ரசம் வைத்தால் சாப்பிடுவதைப் போல. பிடிக்கவில்லை என்று அவள் சொல்லவும் இடம் இருக்கட்டும். உங்கள் மாவட்டத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற எத்தனையோ குடும்பங்கள் யுகாதிக்கு ஒப்பட்டு, அதாவது போளி தட்டுகின்றன. யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு அவர்கள் கொண்டாடுவதில்லை. ரஜவும் அப்படி வரட்டும், விருந்தினர் முன்னால் பிள்ளையை ஊஞ்சலில் ஏற்றிக் காட்டாமல். அந்தப் பண்டிகையில் பூமித்தாய்க்கு மூன்று நாள் ஓய்வு என்பார்கள். ஏர் பூட்டுவதில்லை, பெண்களும் வேலை செய்வதில்லை. முறைப்படி கொண்டாடுவதென்றால் நீங்களும் மாமியாரும் ஊஞ்சலில் உட்கார, கொழுந்தனார் அடுப்படிக்குப் போக வேண்டும்!

‘களி போதும்’ என்றதை ஒடிசாவை உதறியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோராபுட் மலைப்பகுதியில் கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். கேழ்வரகுக்கு அங்கே மண்டியா என்று பெயர். சமவெளியில் வெயில் காலத்துக்குப் பகாளா, அதாவது நம் பழைய சோறு; தொட்டுக்கொள்ள வடகம், கீரை வதக்கல், பொரித்த மீன். மாமியாரின் களியும் நீச்சத்தண்ணீரும் அதற்கு அவ்வளவு தூரமில்லை. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. நான்கு வயது வரை அவள் சாப்பிட்டது இல்லத்துச் சாப்பாடு. தால்மா அவள் நினைவில் இல்லாமலே இருக்கலாம். ஞாபகம் இருப்பது அங்கே காலையில் கொடுத்த அவலாகவோ, கூட உட்கார்ந்து சாப்பிட்ட சிநேகிதியாகவோ இருக்கலாம். ஒரு முறை கேளுங்கள். சொல்லாவிட்டால் துருவ வேண்டாம். “உன்னைப் பெற்றவள் இதைத்தான் சமைத்திருப்பாள்” என்று உங்களுக்குத் தெரியாததைச் சொல்லிவிடாதீர்கள். பின்னாளில் அவள் உங்கள் மற்ற வார்த்தைகளையும் சந்தேகப்படுவாள். தத்தெடுப்பின்போது தந்த குழந்தை ஆய்வு அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், கேட்கும் வயதில் எடுத்துக் காட்டுங்கள்.

மாமியார் பயப்படுவது பேத்தியை இழந்துவிடுவோமோ என்று. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, தன் வேர்களைத் தேட விரும்பும் பிள்ளை 18 வயதுக்குள் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். அதன்பின் தானாகவே கேட்கலாம். பெற்றவர்களின் அந்தரங்கமும் காக்கப்படும். தேடுவதும் விட்டுப்போவதும் வேறுவேறு என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு என்ன சமைப்பது என்று மகளையே கேளுங்கள். களி என்றால் களி. பள்ளி செல்ல மறுப்பு, தூக்கமின்மை, ஓயாத மௌனம் தென்பட்டால் காத்திருக்காமல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள், அல்லது 1098ஐ அழையுங்கள்.