நாலுலயும் புள்ளி நிக்குதே அண்ணே!

கேள்வி: அண்ணே, அப்பாவோட மளிகைக் கடைக்கு பைத்தான்ல ஜன்னல், மெனு, பட்டன் எல்லாம் போட்டுக் குடுக்குற டிகின்டர் வச்சு பில் போடுற ப்ரோக்ராம் ஒண்ணு எழுதிட்டிருக்கேன். மேல மெனுவுல தமிழ், பர்மீஸ் யூனிகோட், பர்மீஸ் ஜோஜி (பர்மீஸ் எழுத்த கம்ப்யூட்டர்ல சேமிக்கிற புது முறை, பழைய முறை), இங்கிலீஷ்னு நாலு ரேடியோ பட்டன் வச்சேன். ஒண்ண அமுக்குனா மத்தது போகணும்ல, போகவே மாட்டேங்குது, நாலுலயும் புள்ளி நிக்குது. திறந்ததும் தமிழ்ல புள்ளி இருக்கணும்னு செட் பண்ணேன், அதுவும் வரல. கோட் அனுப்பிருக்கேன்.
– வாசகர், மோல்மீன்

பதில்: கோட் பாத்தேன் தம்பி. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா ஒரு ஸ்ட்ரிங்வார், அதாவது எது தேர்வாச்சுன்னு வச்சுக்குற வேரியபிள், போட்டிருக்க, தப்பு அங்கதான். ஒரே மெனுவுக்குள்ள இருக்கறதால நாலும் ஒரு கூட்டம்னு டிகின்டர் நெனச்சுக்காது, எந்த வரி எந்த வேரியபிளோட சேந்திருக்குன்னு மட்டும்தான் அது பாக்கும். அதனால 'மொழி'ன்னு ஒரே ஒரு ஸ்ட்ரிங்வார் வச்சுக்க, மெனுவுல வரி சேக்குற எல்லா ஆட்_ரேடியோபட்டன்லயும் வேரியபிள் அதுவே, வேல்யூ மட்டும் வேற வேற. அந்த வேரியபிள்ல இப்ப என்ன இருக்கோ அந்த வேல்யூ உள்ள வரிக்குத்தான் புள்ளி வரும். பழைய கார் ரேடியோல ஒரு ஸ்டேஷன் பட்டன அமுக்குனா முன்ன அமுங்கிக் கெடந்தது டக்குனு வெளிய வந்துடும், ரேடியோ பட்டன்னு பேரு வந்ததே அதுலேர்ந்துதான். அங்க பட்டனுக்குப் பின்னாடி இருந்த பொறி செஞ்ச வேலைய இங்க வேரியபிள் செய்யுது.

திறந்ததும் புள்ளி வராதது வேற விஷயம், இதுல நெறைய பேரு மாட்டிக்கிறாங்க. வேரியபிள ஃபங்ஷனுக்குள்ள லோக்கலா உண்டாக்கிருக்க, ஃபங்ஷன் முடிஞ்சதும் அத யாரும் பிடிச்சு வச்சுக்காததால பைத்தான் அழிச்சிடுது, அழியும்போது டிகின்டருக்கு அடியில ஓடுற டிசிஎல்ங்கற மொழிப் பக்கம் இருக்குற வேரியபிளும் போயிடுது, நீ செட் பண்ண 'தமிழ்' அதோட போச்சு. எர்ரர் எதுவும் வராது, அதான் கண்டுபிடிக்கறது கஷ்டம். செல்ஃப்.மொழின்னு க்ளாஸுக்குள்ள வச்சிடு, நிக்கும்.

இன்னொண்ணு, வரிய அமுக்குனா ஓடுற கமாண்ட்ல, எந்த மொழின்னு லாம்டா (பேரில்லாத குட்டி ஃபங்ஷன்) வச்சு அனுப்பிருக்க, அது வேண்டாம், உள்ள போய் மொழி.கெட்() போட்டாலே தெரிஞ்சிடும். ஆனா நீயே கோட்ல மொழி.செட்() பண்ணா புள்ளி நகரும், கமாண்ட் ஓடாது, அத நீதான் தனியா கூப்பிடணும்.

இப்ப ஜோஜி விஷயத்துக்கு வரேன், எனக்கு இதுதான் முக்கியமா படுது. ஜோஜி ஒரு மொழி இல்ல தம்பி, அத மொழி வரிசைல வைக்கக் கூடாது. யூனிகோட்ல ஒரு எழுத்துக்குன்னு இருக்குற எண்ண ஜோஜி வேற எழுத்துக்குப் போட்டுக்குது, அதான் ஒண்ணுல அடிச்சத இன்னொண்ணுல திறந்தா எழுத்து கொழம்பிக் கெடக்கு. அதுவும் பர்மாவுல இருக்குற மோன், ஷான், கரேன் மக்களோட எழுத்துக்குன்னு ஒதுக்குன எடத்தையும் அது எடுத்துக்கிச்சு. நீ இருக்கற மோல்மீன் மோன் மாநிலத்துல இருக்கு, நாளைக்கு கடைக்கு வர்ற மோன் அக்கா ஒருத்தங்க பேர அவங்க எழுத்துலயே பில்லுல போடணும்னா என்ன பண்ணுவ? 2019 அக்டோபர் 1லேர்ந்து பர்மா அரசாங்கமே யூனிகோடுக்கு மாறிடுச்சு, அதனால சேமிக்கிறது எல்லாமே யூனிகோட்லயே இருக்கட்டும். பழைய ஃபோன் வச்சிருக்கவங்களுக்கு பில் அனுப்பணும்னா மட்டும் அப்ப ஜோஜியா மாத்திக் குடு. மெனுவுல மொழிக்கு மூணு வரி, கீழ ஆட்_செபரேட்டர் போட்டு ஒரு பிரிக்கிற கோடு, அதுக்குக் கீழ யூனிகோட், ஜோஜின்னு ரெண்டு வரி, அந்த ரெண்டுக்கும் 'எழுத்து'ன்னு வேற ஒரு வேரியபிள். ஒரே மெனுதான், ஆனா ரெண்டு கூட்டம், ஒண்ணு இன்னொண்ணத் தொடாது.

மொழிப் பேர அந்தந்த எழுத்துலயே எழுது. தெரியாம யாராவது மாத்திட்டா அப்பா தன் மொழிக்குத் திரும்பி வரணும்ல.

கேள்வி: ஜாவாவுல டிகின்டர் மாதிரி இருக்குற ஸ்விங்ல, ரேடியோ பட்டன்கள ஒரு கூட்டமாக்குற பட்டன்குரூப்ப மெனுவுல ஆட் பண்ணா எர்ரர் வருது, ஏன் அண்ணே?
– மாணவி, ரங்கூன்

பதில்: பட்டன்குரூப் திரைல தெரியுற பொருளே இல்லம்மா, அத மெனு ஏத்துக்காது. ஒவ்வொரு ஜேரேடியோபட்டன்மெனுஐட்டத்தையும் ரெண்டு தடவ ஆட் பண்ணணும், மெனுவுல ஒரு தடவ, குரூப்ல ஒரு தடவ. குரூப்ல போட மறந்தா மோல்மீன் தம்பிக்கு வந்த அதே கதைதான் உனக்கும் வரும்.