மெழுகுக்குள் இருக்கும் பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 41. குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மேமோகிராம், ஸ்கேன் எல்லாம் முடிந்து ஆறு நாட்களுக்கு முன்பு பயாப்ஸி எடுத்தார்கள். நேற்று விசாரித்தபோது, ‘இன்னும் ஒரு சோதனை பாக்கி’ என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் போயிற்று. வீட்டில் எல்லோரும் ‘தைரியமாக இரு, நல்லதையே நினை’ என்கிறார்கள். என்னால் முடியவில்லை. கெட்டதையே நினைத்து நினைத்து நானே அதை வரவழைத்துக்கொள்கிறேனோ என்றும் பயமாக இருக்கிறது. இந்த நாட்களை எப்படிக் கடப்பது?

எம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள எம்.,

வரவழைத்துக்கொள்கிறேனோ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களை அதிகம் அரிப்பது அதுதான் என்று தோன்றுவதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஊசி வழியே எடுத்த திசுவை அன்றைக்கே பார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு அது மாறாது. நீங்கள் அழுதாலும் சிரித்தாலும், நல்லதை நினைத்தாலும் கெட்டதை நினைத்தாலும், அதற்கு ஒன்றுதான். பதில் இப்போது ஒரு மெழுகுத் துண்டுக்குள் இருக்கிறது.

மெழுகு என்றது உவமைக்காக அல்ல. மார்பகத் திசு பார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் வரை ஊற வேண்டும் என்று ஒரு வரையறை உண்டு. பிறகு அதிலுள்ள நீரை நீக்கி, உருகிய பாரஃபின் மெழுகில் பதிக்கிறார்கள். மைக்ரோடோம் என்ற கருவி அதை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவித் தருகிறது. சாயம் ஏற்றிய அந்தச் சீவலைத்தான் நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். ஐயம் எழுந்தால் இன்னும் ஆழத்திலிருந்து சீவச் சொல்வார், வேறு சாயம் கேட்பார், சக மருத்துவரிடம் காட்டுவார். ‘ஒரு சோதனை பாக்கி’ என்பது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். மறைக்காமல் சொல்வதென்றால், புற்று என்று தெரிந்த பிறகு அதன் ஹார்மோன் ஏற்பிகளை, அதாவது ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்களைப் பார்க்கும் சோதனையாகவும் இருக்கலாம். புற்று இல்லை என்று உறுதி செய்துகொள்ளும் சோதனையாகவும் இருக்கலாம். தாமதத்தை வைத்துக் குறி சொல்ல முடியாது. ‘என்ன சோதனை, எதற்காக, எந்தத் தேதிக்குள்?’ என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள். முடிவைச் சொல்லாவிட்டாலும் தேதியையாவது சொல்வார்கள். முடிவில்லாத காத்திருப்புக்கும் வியாழக்கிழமை வரையிலான காத்திருப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது.

மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. நீர்க்கட்டியாகவோ, ஃபைப்ரோ அடினோமா என்ற நார்க்கட்டியாகவோ இருக்கும். இதை எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு ‘பெரும்பாலானவை’ என்ற சொல் எதற்கும் உதவாது என்பதும் எனக்குத் தெரியும். இணையமும் உதவாது. ஸ்கேன் அறிக்கையில் பை-ராட்ஸ் 4 என்று, புற்றுக்கான சந்தேகத்தைக் குறிக்கும் தர எண்ணைப் பார்த்துவிட்டு அதைத் தேடிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த 4-க்குள் புற்றாக இருக்க 2 சதவீதத்தைச் சற்றே தாண்டிய வாய்ப்பும் அடக்கம், 95 சதவீதத்தை நெருங்கும் வாய்ப்பும் அடக்கம். தன் கட்டி அதில் எங்கே நிற்கிறது என்பதைத் தேடுபொறி எப்படிச் சொல்லும்?

என் அக்காவும் ஒருமுறை இப்படிக் காத்திருந்தாள். ஓயாமல் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பாள். தொடத் தொட வலிக்கும். வலிக்கிறதே என்று மறுபடியும் தொடுவாள். ஊசி போன இடத்தில் ரத்தம் கட்டிக் கொஞ்சம் வீங்குவது சாதாரணம். கட்டி வளர்ந்துவிட்டது என்று அழுதாள். (வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ சிவப்போ இருந்தாலோ மருத்துவரை அழைக்க வேண்டும்; அது வேறு.) அவளுக்கு என்ன முடிவு வந்தது என்று சொல்லப்போவதில்லை. நல்லதென்றால் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வீர்கள், கெட்டதென்றால் சகுனமாக.

2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். திரையில் ஒரு பாறை; அதன் அடியில் பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வருமோ வராதோ என்று சரிபாதியாக இருந்தபோதுதான் மன அழுத்தம் அதிகமாக இருந்தது. நீங்கள் இப்போது நிற்கும் இடம் அது. உங்களுக்கு மட்டும் மனம் பலவீனம் என்று எண்ண வேண்டியதில்லை.

‘நல்லதையே நினை’ என்ற அறிவுரையின் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பயந்தவள் தலையில் குற்ற உணர்வையும் ஏற்றிவிடுகிறது. அதே 2016-இல் அமெரிக்க உளவியலாளர் கேட் ஸ்வீனியின் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடிக்கும். கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பதற்றத்தைக் குறைக்க அவர்கள் செய்த முயற்சிகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆனால் அதிகம் தவித்தவர்கள், கெட்ட செய்தியை மற்றவர்களைவிட நன்றாகச் சமாளித்தார்கள். நல்ல செய்திக்கு மற்றவர்களைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். தேர்வும் கட்டியும் ஒன்றல்லதான். ஆனாலும் தவிப்பது குற்றமில்லை என்று சொல்ல எனக்கு இந்த அளவு போதும்.

ஆகவே தைரியமாக இருக்க முயல வேண்டாம். கைக்கும் மூளைக்கும் ஒருசேர வேலை தரும், கொஞ்சம் கடினமான எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி போதாது, அதைப் பார்த்துக்கொண்டே கவலைப்படலாம். ‘தைரியமாக இரு’ என்பவர்களுக்கும் வேலை கொடுங்கள். ஒருவர் உங்களுக்கு வரும் விசாரிப்புகளுக்குப் பதில் சொல்லட்டும். இன்னொருவர் முடிவு நாளில் கூட வந்து, மருத்துவர் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் முதல் வாக்கியத்துக்குப் பிறகு உங்கள் காதில் எதுவும் விழாமல் போகலாம். அறிக்கை நேராக உங்கள் கைபேசிக்கு வருமென்றால், அதை யார் பக்கத்தில் இருக்கும்போது திறப்பது என்று இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முடிவு என்னவென்று எனக்கு எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அன்புடன்